ரமலான் ஆன்லைன் போட்டியில் ஏமாற்றி வாங்கிய பரிசு ஹலாலா?

உம்மு ஹானி

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் தெருப் பெண்கள் மதரஸா சார்பில் வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் வாட்ஸ்அப் குழுவில் வினாடி வினா நடத்துகிறோம். லுஹர் தொழுகைக்குப் பிறகு கூகுள் ஃபார்ம் லிங்க் போடுவோம், தராவீஹ் முடியும்வரை பதில் அனுப்பலாம். அன்றைய ஜுஸ்விலிருந்துதான் (குர்ஆனின் முப்பது பாகங்களில் ஒன்று) கேள்வி வரும். விதிமுறை பெரிதாக ஒன்றுமில்லை. குர்ஆன் தமிழாக்கத்தைத் திறந்து பார்க்கலாம், இன்னொருவரிடம் பதில் கேட்கக்கூடாது, ஒருவர் ஒருமுறைதான் அனுப்பவேண்டும். முதல் பரிசு ஒரு கிராம் தங்க நாணயம், வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரர் தருகிறார். பதில் திருத்துகிற வேலை என்னுடையது.

இந்த வருஷம் பதில்களை ஷீட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மனசு கஷ்டமாகிவிட்டது. குர்ஆனில் வரும் மன்னர் தாலூத்தின் படையினர் ஆற்றைக் கடக்கும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க அனுமதி இருந்தது என்று ஒரு கேள்வி. "ஒரு கையளவு" என்பது பதில். அதை "ஒரு கயைளவு" என்று தப்பாக அடித்த ஃபார்ம்கள் வரிசையாக வந்திருக்கின்றன, எல்லாவற்றிலும் அதே எழுத்துப் பிழை, அதே இடத்தில் தேவையில்லாத ஒரு புள்ளி. யாரோ ஒருவர் பதிலை எழுதி உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்ப, எல்லோரும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் ஒரே போன் நம்பரிலிருந்து நாலு பெயரில் ஃபார்ம். அதில் ஒரு பெயர் இன்னும் பள்ளிக்கூடமே போகாத குழந்தையுடையது.

கமிட்டியில் சொன்னேன். "விடும்மா, அந்தச் சாக்கிலாவது குர்ஆனைத் திறக்கிறார்கள்" என்றார்கள். எனக்கு அப்படி விட மனம் வரவில்லை. தனியாக உட்கார்ந்து தேடி, தெரியாத கேள்வியை வெற்றிடமாகவே விட்டு அனுப்பிய பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? மார்க்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலப்பாளையத்தான்

வ அலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. கமிட்டி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருஷம் பூராவும் சீரியல் ஓடுகிற வீட்டில் இந்த ஒரு மாதம் தமிழாக்கத்தைப் புரட்டுகிறார்கள் என்றால் அது இந்தப் போட்டியால்தான். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தேடியிருப்பார்கள், அதை எப்படி மோசடி என்பது? அமல்களெல்லாம் நிய்யத்தை, அதாவது எண்ணத்தைப் பொறுத்தவை என்று ஹதீஸே இருக்கிறது. ஹராம் என்ற வார்த்தையை அவசரப்பட்டு எடுத்தால் அடுத்த வருஷம் குழுவில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.

கிதாபுக் கடை

பாய், சேர்ந்து தேடலாம் என்று விதிமுறையில் இருந்திருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இங்கே கேட்கக்கூடாது என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள், படித்துச் சம்மதித்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் உள்ள ஹதீஸ். அது வியாபாரத்துக்கு மட்டும் என்று யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. நிய்யத் ஹதீஸ் நல்ல செயலுக்குக் கூலி எப்படிக் கிடைக்கும் என்பதைச் சொல்கிறது. கூடாது என்று ஒத்துக்கொண்ட ஒன்றை நல்ல நிய்யத் வைத்துக் கூடும் ஆக்கிக்கொள்ளலாம் என்பதற்கு அதில் ஆதாரம் கிடையாது.

போட்டியில் ஏமாற்றுவதைப் பற்றி நேரடியாகவே மார்க்கத்தில் பேச்சு இருக்கிறது, நம் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) அதிகம் வருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அரபுகளின் குதிரைப் பந்தயத்தில் ஒரு தந்திரம் உண்டு. ஏறி ஓட்டும் குதிரைக்குப் பக்கத்திலேயே சவாரி இல்லாத இன்னொரு குதிரையையும் கூட்டிக்கொண்டு போவார்கள். முதல் குதிரை களைத்ததும் தாவி மற்றதில் ஏறிக்கொள்வார்கள். இன்னொரு தந்திரம், பின்னாலிருந்து கத்தி விரட்ட ஆள் வைப்பது. இந்த இரண்டையும் ரசூலுல்லாஹ் (ஸல்) தடுத்தார்கள். இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. ஜகாத் வசூல் சம்பந்தமாகவும் இந்த ஹதீஸில் வரும் ஜனப், ஜலப் என்ற சொற்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள் என்றாலும், ஓர் அறிவிப்பில் "பந்தயத்தில்" என்றே தெளிவாக வருகிறது. தன் பெயரில் ஓடிவிட்டு ஓட்டத்தை வேறொன்றின் முதுகில் முடிப்பதுதான் அங்கே தடுக்கப்பட்டது. நாத்தனார் எழுதியனுப்பிய பதிலைத் தன் பெயரில் ஒட்டுவதும் இதே வகைதான்.

இன்னொன்றையும் பாருங்கள். புகாரி தொகுப்பில் இப்னு உமர் (ரலி) சொல்வது. பந்தயத்துக்கென்று தயார்செய்த குதிரைகளை நபியவர்கள் மதீனாவை ஒட்டிய ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடவிட்டார்கள், அது 5 அல்லது 6 மைல். தயார்செய்யாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரே ஒரு மைல். பயிற்சி இல்லாத குதிரையை பயிற்சி பெற்றதோடு ஓடவிட்டால் அநியாயம் என்று தூரத்தையே பிரித்திருக்கிறார்கள். விளையாட்டுதானே என்று விட்டுவிடவில்லை.

மேலப்பாளையத்தான்

ஜஸாகல்லாஹு ஹைரன் ஹஜ்ரத், குதிரை விஷயம் எனக்குப் புதிது. நிபந்தனை பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது போர்ப் பயிற்சி. இது ஒரு குழுவில் நடக்கும் சின்னப் போட்டி, பரிசு கிடைக்காதவர் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. அந்த அளவுகோலை இதற்கு வைப்பது பாரமில்லையா?

புத்தளம் நானா

சின்னப் போட்டி என்று சொல்லி விடுவதால் என்ன ஆகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2020 நோன்பில் பள்ளிவாசல்களெல்லாம் மூடிக்கிடந்தபோது இங்கே பல ஊர்களில் ஹிஃப்ளு (குர்ஆன் மனன) போட்டியை ஜூமில் வைத்தார்கள். அப்படிச் சிலவற்றில் நடுவர்களில் ஒருவனாக உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் ஆன்லைனிலேயே தொடர்கிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளும் சேரலாம் என்பதால்.

மனனமாக ஓதுகிற பிள்ளை எங்கே தடுமாறும் என்று குர்ஆனை முழுக்க மனனம் செய்த ஹாஃபிழ்களுக்குத் தெரியும். ஒரே மாதிரி வரும் ஆயத்துகளில்தான் (வசனங்களில்தான்) தடுமாறும், பகரா அத்தியாயத்தில் ஆரம்பித்து அஃராஃப் அத்தியாயத்துக்குள் போய்விடும். பார்த்து ஓதுகிற பிள்ளை அந்த இடத்தைச் சரளமாகத் தாண்டிவிடும். ஆனால் வரி முடிகிற இடத்தில் மூச்சு நிற்கும், பக்கம் திருப்புகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வரும். கண் வலமிருந்து இடமாக ஓடி மறுபடி வலத்துக்குத் தாவும். மனனமுள்ள பிள்ளை பெரும்பாலும் மேலே எங்கேயோ பார்க்கும், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு பிள்ளையிடம் "மகன், கண்ணை மூடிக்கொண்டு ஓதுங்க" என்றேன். மூடினான். இரண்டு ஆயத்தில் நின்றுவிட்டான். கண்ணைத் திறந்து அவன் என்னைப் பார்க்கவில்லை, கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்தான். அங்கே முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) பிடித்துக்கொண்டு நின்றது அவனுடைய வாப்பா.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள்? அல்லாஹ்வின் கலாமை ஓதும்போதே பொய் சொல்லலாம், ஆலிம்களின் கண்முன்னாலேயே சொல்லலாம், வாப்பாவே கூட நிற்பார் என்று. ஒரு சாதாரண விளையாட்டில் ஏமாற்றியிருந்தால்கூட நான் இவ்வளவு வருத்தப்பட்டிருக்கமாட்டேன்.

உம்மு ஹானி

நானா சொன்னதைப் படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டது. அந்த நாலு பெயர் ஃபார்மிலும் எனக்குப் பெரிய வருத்தம் அதுதான், உம்மா தன் குழந்தையின் பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்.

கிதாபுக் கடை

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்ததை அபூதாவூதில் பாருங்கள். ரசூலுல்லாஹ் (ஸல்) அந்தப் பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உம்மா மகனை "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று கூப்பிடுகிறார். என்ன தர நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்க, பேரீச்சம்பழம் என்கிறார். எதுவும் தராமல் இருந்திருந்தால் உன்மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். பிள்ளையைக் கூப்பிடச் சொல்லும் ஒரு வார்த்தைக்கே இந்தக் கணக்கு. மேலப்பாளையத்தான் பாய் பாரம் என்று கேட்டாரே, அதற்கும் இதுவே என் பதில்.

நோன்புக்கஞ்சி

நான் காலேஜ் படிக்கிறேன். எங்கள் பக்கம் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. சீரத் (நபி வரலாறு) கட்டுரைப் போட்டி ஆன்லைனில் வைக்கிறார்கள், பாதிக் கட்டுரை சாட்ஜிபிடி எழுதியது என்று படித்தாலே தெரிகிறது. நண்பர்களிடம் கேட்டால் "புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஹலால், இதைப் பார்த்து எழுதினால் மட்டும் ஹராமா?" என்கிறார்கள். விதிமுறையில் ஏஐ கூடாது என்று எழுதவுமில்லை. அப்போது நிபந்தனை மீறல் என்று சொல்லமுடியாதே?

கிதாபுக் கடை

நல்ல கேள்வி தம்பி. விதிமுறையில் இல்லாவிட்டாலும் கட்டுரையின் மேலே உன் பெயரை எழுதுகிறாயே, அதுவே ஒரு வாக்குமூலம். இதை நான் எழுதினேன் என்று சொல்கிறாய். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவன் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவன் போல என்று அஸ்மா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் 5219. ஒரு பெண் தன் சக்களத்தியிடம், கணவன் கொடுக்காததைக் கொடுத்தான் என்று காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டபோது சொன்னது. அதில் பணமோ பரிசோ இல்லை, வெறும் தோரணைதான். ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேட, ஒரு ஆண்டைச் சரிபார்க்க, எழுத்துப் பிழை திருத்த எதை வேண்டுமானாலும் பயன்படுத்து. யோசனையும் வாக்கியமும் உன்னுடையதாக இருக்கவேண்டும். சந்தேகம் வந்தால் நடத்துபவரிடம் கேட்டுவிடு. கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்தக் கூச்சத்தைக் கவனி. மனதை உறுத்துவதும், மற்றவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று நீ நினைப்பதும் பாவம் என்று முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது.

நோன்புக்கஞ்சி

செய்யாத ஒன்றுக்குப் புகழப்படுவதை விரும்புகிறவர்கள் வேதனையிலிருந்து தப்பமாட்டார்கள் என்று ஆலு இம்ரானில் வரும் 3:188 ஆயத்தையும் இதற்குச் சொல்லலாமா?

கிதாபுக் கடை

சொல்லலாம், ஆனால் அடுத்தவர் தலையில் போடாமல் நமக்கே சொல்லிக்கொள்வது நல்லது. அந்த ஆயத்தைப் படித்துப் பயந்துபோய், அப்படியென்றால் நாம் எல்லோருமே வேதனை செய்யப்படுவோமே என்று மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான், நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் ஆளனுப்பிக் கேட்டார். அது வேதக்காரர்கள் உண்மையை மறைத்துவிட்டுப் புகழை எதிர்பார்த்ததைப் பற்றி இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். போருக்குப் போகாமல் தங்கிவிட்ட முனாஃபிக்குகளை (நயவஞ்சகர்களை) பற்றியது என்று அபூ ஸயீத் (ரலி) சொல்கிறார்கள். இரண்டும் புகாரியில் இருக்கிறது. இறங்கிய காரணம் தனி என்றாலும் எச்சரிக்கை பொதுவானது.

தேரா துபை

ஸலாம். எல்லோரும் கலந்துகொள்பவர்களையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நடத்துபவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோமே. நான் ஊர்ப் போட்டிகளுக்குப் பரிசுப் பணம் அனுப்புகிறவன். போஸ்டரில் மடிக்கணினி என்று போடுவார்கள், கடைசியில் சான்றிதழும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்து அனுப்புவார்கள். கடைசித் தேதி முடிந்த பிறகு வேண்டியவர் ஒருவருக்காக இரண்டு நாள் நீட்டிப்பார்கள். நடுவரின் மச்சான் மகன் ஜெயிப்பான், மதிப்பெண் பட்டியலைக் கேட்டால் ஃபித்னா பண்ணாதே என்பார்கள். பேசினால் பொய், வாக்களித்தால் மாறுவது, நம்பி ஒப்படைத்தால் மோசடி, இந்த மூன்றையும் நயவஞ்சகனின் அடையாளமாகப் புகாரி 33இல் படிக்கிறோம். ஒரு போஸ்டரிலேயே மூன்றும் வந்துவிடுகிறதே. பணம் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது என்னுடைய பணம்கூட இல்லை, அந்தப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த அமானிதம்.

அப்புறம் நுழைவுக் கட்டணம். ஆளுக்கு 50 ரூபாய் வாங்கி, அதையே சேர்த்து முதல் பரிசாகக் கொடுக்கிறார்கள். இது சூதாட்டம் இல்லையா?

கிதாபுக் கடை

நீங்கள் சொல்கிற மாதிரி கட்டுகிற பணமே பரிசாக மாறி, ஒருவர் அள்ளிக்கொள்ள மற்றவர்கள் இழந்துபோனால் மைஸிர், அதாவது சூதாட்டம் வந்துவிடுகிறது, மாயிதா 5:90 மதுவோடு சேர்த்து விலக்கியது அதைத்தான். குதிரை, ஒட்டகம், அம்பு இவற்றில்தான் பந்தயப் பொருள் உண்டு என்ற ஹதீஸை வைத்துப் பெரும்பாலான அறிஞர்கள் அதற்கு வெளியே பந்தயம் கட்டுவதைத் தடுத்தார்கள். ஹனஃபி மத்ஹபிலும் (சட்டப் பிரிவிலும்) இப்னு தைமிய்யா, இப்னுல் கய்யிம் போன்ற அறிஞர்களிடமும் மார்க்க அறிவுப் போட்டிக்கு இடம் இருக்கிறது. இந்தச் சர்ச்சைக்குள் போகாமல் தப்பிக்க வழி சுலபம். பரிசு முழுவதையும் உங்களைப்போல் வெளியில் இருப்பவர் கொடுக்கட்டும், பிள்ளைகளிடம் பைசா வாங்கவேண்டாம். எல்லோரும் சமமான மதிப்பெண் எடுத்தால் சீட்டுக் குலுக்குவதில் தப்பில்லை, பயணத்துக்கு மனைவியரில் யாரை அழைத்துப்போவது என்று நபியவர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அமானிதம் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நடத்துபவர் செய்யும் மோசடி கலந்துகொள்பவரின் மோசடியைவிடப் பெரியது. அவர் பேச்சை நம்பித்தான் மற்ற எல்லோரும் வருகிறார்கள்.

காயல் காற்று

வாக்கெடுப்புப் போட்டிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "என் மகள் கிராஅத் ஓதியிருக்கிறாள், லைக் போடுங்கள்" என்று தினமும் குழுவில் வருகிறது. வீடியோவைத் திறந்துகூடப் பார்க்காமல் நூறு பேர் போடுகிறார்கள். எங்கள் ராத்தாவிடம், பிள்ளை எப்படி ஓதினாள் என்று கேட்டேன், "நான் எங்கே கேட்டேன், நம்ம ஊர்ப் பிள்ளை, போட்டுவிட்டேன்" என்றார். பாகிஸ்தான் முஃப்தி முஹம்மது ஷஃபீ தேர்தல் வாக்கைச் சாட்சியம் என்றே எழுதியிருக்கிறார். இது தேர்தல் அளவுக்குப் பெரியதில்லை என்றாலும் வகை ஒன்றுதான். இந்தப் பிள்ளைதான் எல்லோரையும்விட நன்றாக ஓதினாள் என்று கேட்காமலேயே சொல்கிறோம். பெரும்பாவங்களைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நபியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து பொய்ச்சாட்சியை எச்சரித்தார்கள், நிறுத்தமாட்டார்களா என்று ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) நினைக்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உறவு, ஊர், தெரு என்று பார்த்துப் போடுகிற லைக்கால் தோற்பது யார்? உறவு குறைந்த வீட்டுப் பிள்ளை. வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளை. கிராஅத் போட்டிக்கு லைக் எண்ணிப் பரிசு கொடுப்பதையே நிறுத்தவேண்டும்.

மேலப்பாளையத்தான்

காக்கா, இந்த லைக் விஷயத்தில் எதிர்த்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை. சகோதரியின் விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்கிறேன். தப்பு நடந்தது என்றே வைத்துக்கொள்வோம், யார் செய்தார்கள் என்று துருவிப்போவது சரியா? துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஹுஜுராத் 49:12இல் அல்லாஹ் சொல்கிறான். குழுவில் பெயரைப் போட்டு மானத்தை வாங்கிவிட்டால் அது இதைவிடப் பெரிய பாவமாகப் போய்விடும். நோன்பு நேரம், பெண்கள் குழு, நாளைக்கு ஒரே தெருவில் முகத்தில் விழிக்கவேண்டும்.

புத்தளம் நானா

பாய் சொல்வது மிக முக்கியம். ஆனால் சகோதரி யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை, தன்னிடம் வந்த பதிலைத் திருத்தினார், அது அவருக்குக் கொடுத்த பொறுப்பு. கண்ணில் பட்டதை நீதமாகத் தீர்க்கவேண்டியது ஒரு பக்கம், ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது இன்னொரு பக்கம். நான் அந்தப் பிள்ளையின் வாப்பாவைப் பற்றி எங்கேயும் சொல்லவில்லை, மதிப்பெண் தாளில் "மனனம் உறுதியாகவில்லை" என்று மட்டும் எழுதினேன். பிறகு அவருக்குத் தனியாக போன் போட்டுப் பேசினேன். முதலில் கோபப்பட்டார். பிறகு அமைதியானார்.

கிதாபுக் கடை

சகோதரி, என் யோசனை இது. ஒரே மாதிரி வந்த ஃபார்ம்களுக்கு அந்தக் கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள், ஒரே நம்பரில் வந்தவற்றில் முதலில் வந்ததை மட்டும் எடுங்கள். குழுவில் பெயர் சொல்லாமல் பொதுவாக அறிவியுங்கள், நபியவர்களும் "சிலருக்கு என்ன ஆயிற்று, இப்படிச் செய்கிறார்களே" என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். யாராவது எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று கேட்டால் அவரிடம் மட்டும் காரணத்தைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியே தாலூத் சம்பவத்தில் வந்திருக்கிறதே. ஆற்றில் வயிறு முட்டக் குடித்தவர்களால் எதிரி ஜாலூத்தை எதிர்க்க முடியாமல் போனது. அதைப் பயானில் நினைவூட்டச் சொல்லுங்கள், யாரையும் குறிப்பிடாமலேயே போய்ச் சேரும்.

தோற்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். நபியவர்களின் அள்பா ஒட்டகத்தை யாரும் முந்தியதில்லை, ஒரு கிராமத்து அரபி வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்குத் தாங்கவில்லை. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் உரிமை என்று சொல்லி நபியவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். புகாரி 2872.

உம்மு ஹானி

பாரகல்லாஹு ஃபீகும். கமிட்டியில் இதை அப்படியே வாசித்துக்காட்டினேன். ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் வீட்டுக்கு ஒரு ஃபார்ம், குடும்பமாகச் சேர்ந்து தேடலாம் என்று விதியையே மாற்றுகிறோம், மேலப்பாளையத்தான் காக்கா சொன்ன மாமியார் மருமகள் சேர்ந்து உட்காரட்டும். தனியாக எழுதுகிறவர்களுக்கு வேறு பரிசு.

ஒரு சகோதரி தனியாக என்னிடம் கேட்டிருக்கிறார், பெயர் வேண்டாம் என்றார். முன்பு வேறொரு போட்டியில் முறையில்லாமல் வாங்கிய பரிசு வீட்டில் இருக்கிறது, பொருளைப் பயன்படுத்தியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

கிதாபுக் கடை

அல்லாஹ் அவருக்கு லேசாக்குவானாக. அபூபக்ர் (ரலி) தன் அடிமை கொடுத்ததைச் சாப்பிட்ட பிறகு, ஜாஹிலிய்யாவில் (இஸ்லாத்துக்கு முந்தைய காலத்தில்) ஒருவரைக் குறி சொல்லி ஏமாற்றியதற்குக் கிடைத்த கூலி அது என்று தெரிந்ததும் விரலை விட்டு வாந்தியெடுத்தார்கள். நமக்கு அந்தத் தரம் இல்லை, திருப்பிக் கொடுக்கும் வழி இருக்கிறது. தவ்பாவோடு (பாவமன்னிப்புத் தேடுவதோடு) அடுத்தவர் ஹக்கையும், அதாவது உரிமையையும் திருப்பிக் கொடுக்கவேண்டும். போட்டி நடத்தியவர்களைத் தெரிந்திருந்தால் அந்தப் பொருளின் விலையை அவர்களிடம் சேர்க்கட்டும், அடுத்த இடத்தில் இருந்தவருக்குக் கொடுங்கள் என்று ஒரு வரி எழுதி வைக்கலாம். தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை, கவரில் போட்டு யார் மூலமாவது அனுப்பினாலும் போதும். அந்த அமைப்பே இப்போது இல்லை, அடுத்த இடத்தில் யார் இருந்தார் என்றும் தெரியவில்லை என்றால், உரியவரின் சார்பாக அந்தத் தொகையை ஏழைக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடட்டும். மொத்தமாக முடியாவிட்டால் மாதாமாதம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

உம்மு ஹானி

உங்கள் பதிலை அந்தச் சகோதரிக்கு அனுப்பிவிட்டேன். கவரை என்னிடமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், போட்டி நடத்தியவர்களை எனக்குத் தெரியும், சேர்த்துவிடுகிறேன் இன்ஷா அல்லாஹ்.